ஒரே கை போட்ட இரண்டு கோடு

இன்ஸ்பெக்டர் சார், உங்கள் ஸ்டேஷனில் இந்த மேசையின் ஒரு கால் ஆடுகிறது. அடியில் தாளை மடித்து வைத்திருக்கிறீர்கள். ஒரு ஸ்பானர் இருந்தால் அரை நிமிட வேலை. சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள், இருபத்தாறு வருடம் மோட்டார் சைக்கிள் கம்பெனியில் தரப் பிரிவில் இருந்தவன். ஆடுகிற எதைப் பார்த்தாலும் கை தானாகப் போகும்.

முதலில் எங்கள் வேலை எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது புரியாது.

முன்சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைப்பது ஒரு அச்சு. அந்த அச்சின் முனையில் ஒரு நட்டு. அதை ஒருவர் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கி, நட்டின் மேலும் அச்சின் முனையிலும் சேர்த்து வெள்ளைக் கோடு ஒன்று போடுவார். அடுத்தவர் கை ரெஞ்சை வைத்துத் திருப்பிப் பார்ப்பார். போதுமான இறுக்கம் வந்தால் ரெஞ்சு 'டிக்' என்று சொல்லும். பிறகு அவர் பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடு போடுவார். ஒருவர் இறுக்கியதை அவரே சரிபார்க்கக் கூடாது. பழைய முதலாளி வைத்த சட்டம் அது. வண்டி வாங்க வருகிறவர்கள்கூடக் குனிந்து இரண்டு கோடும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

சிவப்புக் கோடு போடுகிற அம்மாவை எல்லோரும் சிவப்பக்கா என்போம். பதினாறு வருடம் அதே இடம். அவர் போடும் கோடு எப்போதும் கோணல். "அக்கா, கண்ணாடி போட்டுட்டு வாங்க" என்று நானே கிண்டல் செய்வேன். "கோடு கோணலா இருந்தா என்ன சார், சக்கரம் நேரா ஓடுதில்ல?" என்பார்.

பழைய முதலாளி இறந்ததும் பிள்ளைகள் கம்பெனியை ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் விற்றார்கள். அவர்கள் வண்டி செய்கிறவர்கள் இல்லை. கம்பெனிகளை வாங்கி, செலவைக் குறைத்து, நாலு வருடத்தில் இன்னொருவரிடம் நல்ல விலைக்குத் தள்ளிவிடுகிறவர்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை, அதுவும் ஒரு தொழில்தான். முதல் வருடமே வண்டியை ஓட்டிச் சோதிக்கிற பாதையை விற்றுவிட்டார்கள். இப்போது அங்கே யாரோ ஒருவரின் கிடங்கு இருக்கிறது.

அவர்கள் அனுப்பிய ஆளுக்கு எங்கள் ஆட்கள் ஸ்டாப்வாட்ச் என்று பெயர் வைத்தார்கள். "பாத்ரூம் போனாக்கூட வெளிய நின்னு எண்ணுறாருப்பா" என்று சிரிப்பார்கள். நல்ல மரியாதையான மனிதர். ஒருநாள் சிவப்பக்காவின் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு என்னிடம் வந்தார்.

"இவங்க ஒரு நாளைக்கு எத்தனை வண்டி பாக்குறாங்க?"

"அறுநூறு சார்."

"அதுல லூசா எத்தனை வரும்?"

"மூணு. சில நாள் நாலு."

"அறுநூறுக்கு மூணா? அப்ப மீதி ஐநூத்துத் தொண்ணூத்தேழு வண்டிக்கு இவங்க என்ன பண்றாங்க?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் சிவப்புக் கோடு இல்லாமல் வண்டி வெளியே போனால் கடைக்காரர்கள் கேள்வி கேட்பார்கள் என்று மட்டும் சொன்னேன். "அதுக்கு நீங்களே ஒரு வழி சொல்லுங்க, உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

அந்த ரப்பர் பேண்டு யோசனை என்னுடையது. அவர்மேல் பழி போட மாட்டேன். வெள்ளைப் பேனாவையும் சிவப்புப் பேனாவையும் சேர்த்து ரப்பர் பேண்டால் கட்டி இறுக்குகிறவன் கையிலேயே கொடுத்தேன். ஒரே இழுப்பு, இரண்டு கோடு. ஸ்டாப்வாட்ச் என் தோளைத் தட்டினார். சிவப்பக்காவை அட்டைப்பெட்டி மடிக்கிற பகுதிக்கு மாற்றினோம்.

நாளைக்கு மூன்று வண்டி என்றால் மாதத்துக்கு எத்தனை, வருடத்துக்கு எத்தனை என்று நான் பெருக்கிப் பார்த்தேனா என்று நேற்று கேட்டீர்கள். இல்லை. பார்க்கவே இல்லை. லூசாக இருக்கிற எல்லாமே கழன்றுவிடாது. பாதிப் பேர் முதல் சர்வீஸிலேயே இறுக்கிக்கொள்வார்கள்.

பிறகு புகார்கள் வந்தன. விழுந்த வண்டியைப் போய்ப் பார்த்து எழுதுகிற வேலை என்னுடையது. நட்டு தளர்ந்தால் கோடு உடையும். தானாகத் தளர்ந்தாலும் உடையும், யாராவது பஞ்சர் ஒட்டக் கழற்றினாலும் உடையும். இரண்டில் எதை எழுதினாலும் பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது. "வெளியாரால் கழற்றி மாட்டப்பட்டிருக்கிறது" என்று எழுதினேன். மொத்தம் பதினொரு அறிக்கை. அதில் நாலு பேர் இறந்தவர்கள். வீட்டுக்காரர்கள் அழுதால் எழுந்து போக மாட்டேன், உட்கார்ந்து கேட்பேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் மாற்றி எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? விற்ற வண்டிகளையெல்லாம் திரும்ப அழைக்க வேண்டும். கம்பெனியை வாங்க வந்துகொண்டிருந்தவர்கள் அப்படியே திரும்பிப் போயிருப்பார்கள். எழுநூறு குடும்பம் நடுத்தெருவுக்கு வந்திருக்கும். அவர்களுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன். வாங்கியவர்கள் எட்டே மாதத்தில் ஆலையை மூடினார்கள், எழுநூறு குடும்பமும் வெளியேதான் நிற்கிறது. அதற்கு நான் பொறுப்பில்லை.

சிவப்பக்கா விஷயத்துக்கு வருகிறேன். ஆட்களைக் குறைத்தபோது அவரையும் அனுப்பினோம். வெளியே போகிறவர்கள் ஊழியர் விலையில் ஒரு வண்டி எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை. அவர் தன் தம்பிக்கு எடுத்தார். அம்மா அப்பா போனபிறகு அவர் தூக்கி வளர்த்த தம்பி. பத்தொன்பதாவது நாள் ஒரு வளைவில் முன்சக்கரம் சாய்ந்து, எதிரே வந்த லாரிக்கு அடியில் போனான்.

அடுத்த வாரம் என் அறைக்கு வந்தார்.

"உட்காருங்க அக்கா."

"உட்கார வரல சார். வண்டியப் போய்ப் பாத்தேன். நட்டக் காணோம். அச்சு முனையில ரெண்டு கோட்டோட மிச்சம் இருக்கு."

"இருக்கும்ல. ரெண்டு பேர் பாத்துத்தான அனுப்புறோம்."

"ரெண்டு பேர் இல்ல சார். அது ஒரே கை."

"எப்படிச் சொல்றீங்க?"

"பதினாறு வருஷமா இன்னொருத்தன் போட்ட வெள்ளைக்குப் பக்கத்துல நான் சிவப்பு போட்டிருக்கேன். ஒரு நாளாவது ரெண்டும் சேந்தாப்ல போயிருக்கா? இது தண்டவாளம் மாதிரி போகுது சார்."

"தம்பி எங்கயாச்சும் பஞ்சர் ஒட்டியிருப்பான் அக்கா."

"பத்தொம்பது நாள்ல என்ன பஞ்சர்? மெக்கானிக் தண்டவாளம் மாதிரி கோடு போட்டா அனுப்புவான்?"

வெளியே போகும்போது, கம்பெனியைப் பற்றி எங்கேயும் பேசுவதில்லை என்று அவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார். அதை நினைவுபடுத்தினேன். தண்ணீர் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை.

"உங்க கையால ஒரு தடவை அந்த நட்டப் பாத்திருந்தா போதும் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நேராக உங்களிடம்தான் போயிருக்கிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இப்போது நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வி. என் மகளின் வண்டியைப் போய்ப் பார்த்திருக்கிறீர்கள். சிவப்பக்காவின் தம்பி வண்டி தயாரான அதே நாளில் தயாரானது. அதில் மட்டும் இரண்டு கோடும் சேர்ந்து போகவில்லை, சிவப்பு கோணலாக இருக்கிறது, ஏன் என்கிறீர்கள்.

நான் போட்ட கோடு அது. அன்று சாயங்காலம் வண்டிகள் வரிசையாக நின்றன. மகள் வாசலில் ஹெல்மெட்டோடு காத்திருந்தாள். பழைய பீரோவிலிருந்து சிவப்பக்காவின் ரெஞ்சை எடுத்துக்கொண்டு போய் நட்டில் வைத்தேன். அரைச் சுற்று போனது. பிறகுதான் 'டிக்' என்றது. பழைய கோடுகளைத் துடைத்துவிட்டு, வெள்ளையைத் தனியாகவும் சிவப்பைத் தனியாகவும் போட்டேன்.

பக்கத்தில் நின்ற வண்டியில் ஒரு அட்டை தொங்கியது. சிவப்பக்காவின் பெயர், அதற்குக் கீழே 'தம்பிக்கு' என்று அவர் கையெழுத்து. படித்தேன். ரெஞ்சு கையில்தான் இருந்தது. மகள் வந்து தன் வண்டியில் ஏறி ஹாரனை அடித்தாள்.

பெற்ற பிள்ளைக்கு எந்த அப்பாவும் செய்கிறதைத்தான் செய்தேன். மற்றபடி கம்பெனிப் பொருளை நான் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொண்டதே இல்லை. அந்த ரெஞ்சைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் கிளம்பினேன்.