கீழ் ஹோஸில் ஒரு கிளிப்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, மருத்துவமனையிலிருந்து வந்திருக்கும் செவிலியர்களே, நம் தெருவின் உறவுகளே, பையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் காத்திருக்கும் தையல்காரரே, மேட்ரன் அம்மாவின் அன்பு மகளே! அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. வழி தவறிவிடக் கூடாது என்று நான்கு குறிப்புகள் எழுதி வந்திருக்கிறேன்.

1. மேட்ரன் அம்மாவின் வண்டி.
2. அதன் ரேடியேட்டரை நாங்கள் இருவரும் வீட்டிலேயே மாற்றிய நாள்.
3. அவசரத்தில் அவர் மறந்துபோன ஒரே ஒரு காரியம்.
4. இனி நாம் செய்ய வேண்டியது.

மூன்றாவதைச் சொல்லலாமா கூடாதா என்று நெடுநேரம் யோசித்தேன். குறை சொல்வதற்காக அல்ல. அவரும் நம்மைப் போல ஒரு மனுஷிதான் என்று காட்டுவதற்காக. தவறாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் அடிக்கடி ஜன்னலைப் பார்ப்பதையும் பொறுத்துக்கொள்ளுங்கள். வண்டி வெளியே நிற்கிறது. அடியில் ஓர் அட்டையை விரித்துவிட்டு வந்திருக்கிறேன். அதில் சொட்டு விழுந்ததா இல்லையா என்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மேட்ரன் அம்மா ஓய்வு பெற்றவர் என்று இந்த இரங்கல் கூட்ட அழைப்பிதழில் போட்டிருக்கிறது. ஓய்வா? அந்த அம்மாவுக்கா! அவர் உட்கார்ந்து ஒரு கோப்பைத் தேநீர் குடித்து முடித்ததை இந்த அவையில் யாராவது பார்த்ததுண்டா? அந்தப் பழைய டீசல் காரில் அவர் யாரைத்தான் ஏற்றவில்லை? பிரசவ வலியில் துடித்தவரை ஏற்றினார். மாடிப்படியில் உருண்டவரை ஏற்றினார். தையல்காரரை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு ஏற்றிச் சென்றார். டீசல் வண்டியில் சாவியைத் திருப்பியதும் ஓர் ஆரஞ்சு விளக்கு எரியும். அது அணைந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அதற்குக்கூடப் பொறுக்காமல் ஸ்டியரிங்கில் தாளம் போடுவார். "தையல்காரரே, காஜா எடுக்கிற வேகத்துலயா நடப்பீங்க? ஏறுங்க!" என்பார். அந்தக் குரல் இல்லாமல் நம் தெருவுக்கு விடியுமா!

போன வாரம் அந்த வண்டி நடுவழியில் கொதித்து நின்றது. ரேடியேட்டரின் அடிப்பாகம் அரித்துப் போயிருந்தது. ஒர்க்‌ஷாப்பில், "ஒரு வாரம் விட்டுட்டுப் போங்க, இல்லன்னா பழைய இரும்புக்குப் போட்டுடுங்க" என்றார்கள். மேட்ரன் அம்மா கேட்கவில்லை.

"ஒரு வாரமா? அதுக்குள்ள டயாலிசிஸ் இல்லாம தையல்காரர் வீங்கிடுவார். நாமே மாத்திடுவோம், வாத்தியாரே. நீங்க பிசிக்ஸ்தானே நடத்துனீங்க?"

"அம்மா, நான் கரும்பலகையில மட்டும்தான்..."

"பரவாயில்ல. டார்ச்சைப் பிடிங்க."

பிடித்தேன். காய்ச்சல் பார்ப்பது போலப் புறங்கையை வைத்து, இன்ஜின் ஆறிவிட்டதா என்று பார்த்தார். இன்ஜினைக் குளிர்விக்கும் பழைய கூலன்ட்டைத் தொட்டியில் இறக்கி, "தித்திப்பா இருக்கும், பூனை குடிச்சா செத்துடும்" என்று பலகையால் மூடினார். கழற்றிய போல்ட்டுகளெல்லாம் ஊசி வைக்கும் ஸ்டீல் ட்ரேயில். ஒட்டிக்கொண்ட மேல் ஹோஸை, அந்த ரப்பர்க் குழாயை, கத்தியால் கீறி உரித்தார். பூச்சிச் சிறகும் புழுதியும் அப்பிய பழைய ரேடியேட்டர் மேலே வந்தது. புதியதை இறக்கும்போது ஃபேனில் உரசாமலிருக்க நடுவில் அட்டை வைத்தார்.

"நோயாளியைத் தூக்குற மாதிரி அடியில கை குடுங்க. ஐயோ, நீங்க ஏன் முனகுறீங்க? அதுதான் நோயாளி!"

என் விரலைத் தகடு கீறியது. ரத்தத்தை நான் பார்க்கும் முன்பே அவர் பிளாஸ்டர் ஒட்டிவிட்டார். புதிய ஹோஸ்கள் இரண்டையும் செருகினார். "மீதி நாளைக்கு. நீங்க முதல்ல வந்துடுங்க, வாத்தியாரே" என்றார். எதையும் நாளைக்கு என்று தள்ளாத அம்மா அப்படிச் சொன்னாரே என்று அப்போதே எனக்கு உறுத்தியது. மறுநாள் காலை நான் முதலில் வந்தேன். அவர் எழுந்திருக்கவே இல்லை.

துக்க வீடு என்பதால் தையல்காரருக்காக ஒரு தடவை மருத்துவமனை வண்டி வந்தது. இன்றும் அவருக்கு டயாலிசிஸ் நாள். இன்று அந்த வண்டி வராது.

ஆகவே நேற்று நான் தனியாகப் போய்ப் புதிய கூலன்ட்டை ஊற்றினேன். ஊற்றியது அத்தனையும் என் செருப்பில்! குப்புறப் படுத்துப் பார்த்தேன். கீழ் ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளிப் முடுக்கப்படவே இல்லை. திருகு அப்படியே தொளதொளவென்று கிடந்தது. முடுக்கினேன். சந்தேகம் வந்து மறுபடியும் முடுக்கினேன். நிரப்பி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, உள்ளே சிக்கிய காற்றெல்லாம் வெளியேறிக் குமிழி நிற்கும்வரை இன்ஜினை ஓடவிட்டேன். அவையோரே, மேட்ரன் அம்மாவா மறந்தார்? ஆம், அவசரம் எப்பேர்ப்பட்டவரையும்...

என்னம்மா? எழுந்து நின்று சொல்லுங்கள்.

பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்கிறார்கள். மகள் சொன்னதை நானே திரும்பச் சொல்கிறேன். அன்று மாலை அம்மா கை கழுவும்போது, வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த இவர் கேட்டாராம், "ஏம்மா, கீழ கிளிப்பை முடுக்காம வந்துட்டே?" என்று.

"மறக்கலடி. அது வாத்தியாருக்கு. எல்லாத்தையும் நானே முடிச்சா அவர் கடைசிவரைக்கும் டார்ச்தான் பிடிப்பார். எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா தையல்காரரை யார் கூட்டிட்டுப் போறது? என்னைத் திட்டிக்கிட்டே முடுக்கட்டும். பயந்த மனுஷன் முடுக்குனா சொட்டாது."

மன்னிக்கவும். கொஞ்சம் தண்ணீர் தாருங்கள்.

தையல்காரர் எங்கே? நாற்காலி காலியாக இருக்கிறதே! அதோ ஜன்னலுக்கு வெளியே நிற்கிறார். அட்டையைத் தூக்கிக் காட்டுகிறார். திருப்புங்கள், மறுபக்கம்... காய்ந்திருக்கிறது. அவையோரே, ஒரு சொட்டுகூட இல்லை!

நான்காவது குறிப்பில், வண்டியை என்ன செய்வது என்று ஆராய ஒரு குழு அமைக்கலாம் என்று எழுதியிருந்தேன். குழு எதற்கு? சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன். ஹாரன் அடிக்கவும் தயங்குவேன். ஆனால் இன்றும் ஓட்டுவேன், இனி ஒவ்வொரு முறையும் ஓட்டுவேன். இது மேட்ரன் அம்மாவுக்கு நான் தரும் வாக்கு. அந்த ஆரஞ்சு விளக்கு அணையும்வரை ஸ்டியரிங்கில் தாளம் போடுவது யார் என்றுதான் தெரியவில்லை.

மணியாகிவிட்டது, கிளம்புகிறேன். போகும் முன் ஒரு திருத்தம். என் மூன்றாவது குறிப்பு தவறு. மேட்ரன் அம்மா எதையும் மறக்கவில்லை.