கொதிச்சாறின தண்ணி

— கஜானி, அடுப்பை விட்டிட்டு ஒருக்கா இஞ்ச வாரும். தொட்டிக்குள்ள கெளுத்தியளின்ரை ஓட்டத்தைப் பாரும்.

— மேல போகுதுகள், கீழ வருகுதுகள். மீனெண்டால் நீந்தத்தானே செய்யும். உங்களுக்கு இண்டைக்கு வேலைக்குப் போற எண்ணமில்லையோ?

— உப்பிடி நீந்தாது, கண்டீரோ. கெளுத்தி அடிமண்ணோட கிடக்கிற மீன். ஆறு மீனும் ஒண்டாச் சேர்ந்து மீசையால மண்ணைக் கிண்டிக்கொண்டு திரியும். இருந்திட்டு ஒண்டு விறுக்கெண்டு மேல போய் ஒரு வாய் காத்து எடுத்திட்டு வரும். அது வழமை. இண்டைக்கு நிமிசத்துக்கு நாலுதரம் போகுதுகள்.

— சும்மா, செடிக்குள்ள ஒளிச்சு விளையாடுதுகளாக்கும்.

— மூச்சுக் காணாமல் ஓடுதுகள். போனமுறை வாங்கினதுகளும் உப்பிடி ஓடித்தான் செத்தது. இதுகளும் போச்சுதெண்டால் தொட்டியை உம்மடை தம்பியிட்டைக் குடுத்திடுவன். ஏழு வருசமா நாங்கள் ரெண்டுபேரும் ஆளையாள் பார்த்துக்கொண்டு இருக்கிற வீடு. இதுக்குள்ள ஒரு உயிராவது தங்கட்டுமெண்டுதான் அச்சுவேலியில இருந்து மடியில வைச்சுக் கொண்டுவந்தனான்.

— அப்பிடிச் சொல்லாதேங்கோ. இதுகளுக்கு ஒண்டும் வரக்கூடாது. இப்ப வரக்கூடாது.

— தண்ணி ஏதும் மாத்தினனீரோ?

— மாத்தேல்லை. வத்திக் கிடந்தது, நேற்றுப் பின்னேரம் ரெண்டு வாளி விட்டனான்.

— கிணத்துத் தண்ணிதானே?

— ஓம். கொதிக்க வைச்சு, நல்லா ஆறவிட்டு, துணியால வடிச்சு விட்டனான். தொட்டிக்குள்ள கிருமி போகக்கூடாதெண்டுதான்.

— இஞ்சேரப்பா, கொதிச்சால் தண்ணியில இருக்கிற காத்தெல்லாம் போயிடும். அதுக்குள்ள அதுகள் என்னெண்டு மூச்செடுக்கிறது?

— எனக்கென்ன தெரியும். நல்லதெண்டு நினைச்சுத்தான் செய்தனான்.

— சரி, அதுக்கேன் அழுறீர். பெரிய பேணியை எடுத்து, தேத்தண்ணி ஆத்துறமாதிரி அள்ளி அள்ளித் தொட்டிக்குள்ளயே ஊத்தும்.

— இப்பிடியோ?

— இன்னும் உயரத்தில. நுரைக்கவேணும். கை நோகுதெண்டால் தாரும், நான் ஊத்திறன்.

— கொஞ்சம் நிப்பாட்டுங்கோ. ஒண்டு கீழ போய்ப் படுத்திட்டுது. அங்க, மற்றதும் போகுது.

— ஓம், மண்ணைக் கிண்டத் துவங்கீட்டுதுகள். நாலு, ஐஞ்சு, அந்த இலைக்குக் கீழ ஆறாவது. தப்பீட்டுதுகள்.

— அப்பாடா. எனக்கு இப்பதான் மூச்சு வந்தது.

— அதுசரி, எங்கடை கிணத்துத் தண்ணியை அயலெல்லாம் வந்து அள்ளிக் குடிக்குது. கலியாணம் கட்டின நாள் தொட்டு நீர் ஒருநாளும் தண்ணி கொதிக்க வைச்சு நான் காணேல்லை. மீனுக்கு மட்டும் என்ன புதினம்?

— மீனுக்கெண்டு துவங்கேல்லை. நாலு நாளா எனக்கு வைக்கிறனான். அதோட சேர்த்து அதுகளுக்கும் வைச்சனான்.

— உமக்கென்ன, சுகமில்லையோ? ஏன் எனக்குச் சொல்லேல்லை?

— வருத்தமொண்டுமில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போட்டுவந்து ஆறுதலாச் சொல்லுவமெண்டு இருந்தன். பங்குனியில பிள்ளை பிறக்குமட்டும் பச்சைத்தண்ணி வாயில வைக்கக்கூடாதெண்டு கிளினிக்கில சொல்லிப்போட்டினம்.