மேஸ்திரி மலைச்சாமிக்கு இங்கே மாலை போடாத காரணம்

மேடையிலிருக்கும் வியாபாரிகள் சங்கத் தலைவர் அவர்களே, நாகமலை புதுக்கோட்டையிலிருந்து வந்திருக்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, மேஸ்திரியின் துணைவியார் ராக்கம்மாள் அவர்களே, வாசலில் மாலையோடு நிற்கும் ராக்கம்மாளின் தம்பி பேயாண்டி அவர்களே! அனைவருக்கும் வணக்கம்.

தம்பியின் பெயரைச் சும்மா சொல்லவில்லை. சற்று முன்பு இந்தக் குடோன் வாசலில், மல்லிகை மாலையோடு வந்த அவரை நான்தான் தடுத்தேன். அவர் கேட்டார்: “ஏன் மொதலாளி, எங்க தெரு ஆளுன்னா படத்துல ஒரு பூவுக்குக்கூட எடமில்லையா? எங்க மச்சான் முப்பது வருசம் ஒழச்ச எடம்யா இது!”

இங்கே பாதிப் பேர் மனதில் அதே கேள்விதான். முணுமுணுப்பு என் காதில் விழுகிறது. அதற்குப் பதில் சொல்லாமல் புகழ்ந்து மட்டும் பேசினால் அது இரங்கலா?

நம் மேஸ்திரி மலைச்சாமி யார்? சுருட்டுக்கும் பைப்புக்கும் போகிற புகையிலையில் கருப்பட்டித் தண்ணீர் தெளித்து, அம்பாரமாகக் குவித்து, சாக்குப் போட்டு மூடி, சூடேறியதும் பிரித்துப் புரட்டி, காரம் அடங்கி மணம் திரும்புகிற நாளை மூக்காலேயே சொன்னவர்! வாடிப்பட்டி வட்டாரத்தில் அந்த மூக்குக்கு ஈடு உண்டா? அவர் ஒரு நாளும் புகைத்ததில்லை. இது உடம்புக்கு ஆகாத சரக்கு. பயமுறுத்தும் படம் போட்டுத்தான் விற்கிறோம். புண்ணியத் தொழில் என்று சொல்ல மாட்டேன். ஆனால் செய்த வேலையில் அவர் பொய் வைத்ததில்லை.

பைப் பிடிக்கும் நம் பேராசிரியர் ஐயா ஒருமுறை சண்டைக்கே வந்துவிட்டார். “உங்க புகையிலை நாக்கைச் சுடுதுய்யா, ருசியே இல்ல!” நான் வேறு சரக்கு எடுக்க எழுந்தேன். மேஸ்திரி விடவில்லை.

“சரக்கு மேல குத்தமில்லங்கய்யா. ஈரத்தோட அமுக்கி அடைச்சு, ரயிலு எஞ்சின் கணக்கா இழுக்குறீக. பேப்பர்ல அரை மணி நேரம் பரப்பி வைங்க. அடியில லேசா, மேல கொஞ்சம் இறுக்கமாப் போடுங்க. கொதிக்கிற காப்பிய உறிஞ்சுற மாதிரி மெதுவா இழுங்க. அணைஞ்சா அணையட்டும், திரும்பப் பத்த வச்சுக்கலாம். அம்புட்டுத்தேன்!”

அடுத்த வாரம் ஐயா சிரித்துக்கொண்டே வந்தார்.

மாலைக்கு வருகிறேன். புகையிலை பக்கத்தில் இருக்கிற வாசனையை எல்லாம் குடித்துவிடும். என் மகள் பவதாரிணியின் கல்யாணத்தன்று, சந்தனமும் சென்ட்டுமாக இந்தக் குடோனுக்குள் நுழையப் போனேன். மேஸ்திரி கையை நீட்டி மறித்தார். “வெளிய நில்லுங்க மொதலாளி. மணக்குறீக.” என் குடோன்! பட்டு வேட்டியோடு வெயிலில் நின்றேன். கோபம் வந்ததா? வந்தது. ஆனாலும் நின்றேன்.

அவர் சாவதற்கு முதல் நாள் குவித்த அம்பாரம், இதோ என் முதுகுக்குப் பின்னால், இந்த உள்ளறைக் கதவுக்குள் சூடேறிக் கிடக்கிறது. கூட்டத்தை மண்டபத்தில் வைக்கலாம் என்றேன். “அவுக மூச்சு இருந்த எடம் இதுதேன்” என்றார் ராக்கம்மாள். அதனால்தான் இங்கே ஊதுபத்தி இல்லை, பூ இல்லை. சரக்கு கெட்டால் எனக்கு நஷ்டம், அதையும் மறைக்கவில்லை. ஆனால் அந்த மனிதரின் கடைசி வேலையில் மல்லிகை ஏறினால், அது அவருக்கு மரியாதையா?

ஆனால் தம்பி, உங்கள் கோபத்தில் ஒன்று நியாயம். முப்பது வருடத்தில் நான் உங்கள் தெருவுக்குள் வந்ததில்லை. அடக்கத்தன்றும் தெருமுனையிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன். அங்கே என்னை யார் மறித்தார்கள்? யாருமில்லை! அதற்குப் புகையிலையைக் காரணம் சொல்ல முடியாது.

சபை அறியச் சொல்கிறேன். இந்த அம்பாரத்தை ராக்கம்மாள்தான் பிரிப்பார். பதினைந்து வருடம் கணவரோடு சேர்ந்து புரட்டிய கை அது. அவர் பதம் என்று சொல்லாமல் ஓர் இலைகூட வெளியே போகாது. இனி இங்கே அவர்தான் மேஸ்திரி.

தம்பி பேயாண்டி, மாலை வாடுவதற்குள் மேஸ்திரி படுத்திருக்கும் இடத்துக்குப் போவோம். அங்கே எவ்வளவு மணந்தாலும் அவர் யாரையும் வெளியே நிறுத்த மாட்டார். உங்கள் தெரு வழியாகவே போவோம். இதோ, இறங்கி வாரேன். மாலையின் ஒரு முனையை என்னிடம் கொடுங்கள்.