நாற்பத்திரண்டு பெட்டிக்கும் பெரட்டுக் கூப்பிட்ட பெருந்தகைக்கு

ஹட்டன் மழைமணி நிலையத்தின் தலைமைத் தொழில்நுட்பப் பொறுப்பாளர், உயர்திரு ஆண்டியப்பன் சோலைமலை அவர்களின் பணி ஓய்வு விழாவில் வாசித்தளித்த பாராட்டு மடல்

மழையின் மனத்தை மணியோசையாக்கி மலைச்சரிவு மக்களைக் காத்த மாண்பாளரே! பொறுமையின் பெட்டகமே! பொதி கட்டுவதில் புலவரே! பால் விடாத பிளேண்டித் தேநீரில் சீனி கூடிப்போனால் மட்டும் முகம் சுளிக்கும் எங்கள் சோலைமலை சேர் அவர்களே! வணக்கம், வணக்கம், பலகோடி வணக்கம்!

இந்த அடைமொழிகளில் ஒன்றுகூடத் தங்களுக்குப் பிடிக்காது என்பதை அறிவோம். ஆனால் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்போகும் மடலில் நாலு அடைமொழியாவது இல்லாவிட்டால், சட்டம் போடுகிறவரே திருப்பிக் கொடுத்துவிடுவார் என்கிறார் நம் வாகன ஓட்டுநர் நஸார். ஆகவே பொறுத்தருள வேண்டும். இதை எழுதும் பணியை நிலையத்தார் ரிஃப்னாவாகிய என்னிடம் ஒப்படைத்தார்கள். ஏன் என்னிடம் என்பது இங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு நானே சொல்கிறேன்.

தேயிலைத் தொழிற்சாலையின் மின்வேலைப் பகுதியில் திருப்புளியும் கையுமாக வாழ்வைத் தொடங்கி, கணினியைத் தாமே கழற்றித் தாமே மாட்டிக் கற்று, இந்நிலையத்துக்கு வந்து இருபத்தோராண்டு இமைபோல் காத்த ஏந்தலே! பொகவந்தலாவையின் வளைவுகளிலும் நானுஓயாவின் பனியிலும் பாதம் தேய நடந்து, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு ஒன்றாய் நாற்பத்திரண்டு மழைமணிப் பெட்டிகளை நிறுவினீர்கள். மழைமானி நிரம்பினால் மணி ஒலிக்க வேண்டும், மணி ஒலித்தால் மக்கள் எழ வேண்டும், மக்கள் எழுந்துவிட்டால் மண் சரிந்தாலும் மனிதர் சரியக் கூடாது என்பதே தங்கள் மந்திரமாயிற்று. அதை மந்திரம் என்று சொன்னாலும் கோபித்துக்கொள்வீர்கள். வேலை என்பீர்கள்.

அந்த வேலையில் தாங்கள் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமா? பெட்டிகளில் ஓடும் மென்பொருளை இங்கே அலுவலகக் கணினியில்தான் பொதியாகக் கட்டுகிறோம். ஆனால் கட்டுகிற கணினி ஒரு வகை, ஓடுகிற பெட்டி இன்னொரு வகை. பெட்டிகளிலேயே பழைய கணினிப் பலகை முப்பத்திரண்டு பிட், புதிய பலகை அறுபத்து நான்கு பிட். ஒன்றுக்குக் கட்டியது மற்றொன்றில் ஓடும் என்று நம்பியிருக்க முடியாது. ஆகையால் ஒவ்வொரு பொதியின் முகப்பிலும், இது இன்ன வகை இயந்திரத்துக்கு என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்த ஒரு வரிக்காகத் தாங்கள் எடுத்துக்கொண்ட நேரத்தில் பலகை வேலை பார்க்கும் மதுரன் இரண்டு தடவை பஜாருக்குப் போய் ரொட்டி வாங்கி வந்துவிடுவார். பொதிகள் மட்டுமா? தேநீர்க் கேத்தலின் மேலும் இத்தனை வோல்ட், இன்ன சுவிட்ச் என்று தங்கள் கோழிக்கிறுக்கல் எழுத்தில் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறதே!

அதைவிடப் பெரிய பாடு, காலை எட்டு மணிப் பெரட்டு. தோட்டத்தில் வேலைக்கு முன்னே ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதுபோல, தாங்கள் பெட்டிகளின் விவரம் எழுதிய கொப்பியைப் பிரித்து ஒவ்வொரு லயத்தின் பேரையும் கூப்பிடுவீர்கள். நிலக்ஷி திரையின் முன்னே அமர்ந்து அந்தப் பெட்டியிடம் அதன் வகையைக் கேட்டு, அது தரும் பதிலை, "இருக்கேன், முப்பத்திரண்டு", "இருக்கேன், அறுபத்து நாலு" என்று வாசிக்க வேண்டும். நாற்பத்திரண்டும் வாசித்து முடிந்தால்தான் எந்தப் பொதியும் படி இறங்கலாம். கொப்பியிலேயே வகை எழுதியிருக்கிறதே, பிறகெதற்குப் பெட்டியைக் கேட்க வேண்டும் என்று முணுமுணுத்தவர்களில் முதலாவது ஆள் நான்தான்.

சென்ற ஆண்டு ஆனி மாதம். பின்னேரம் கடும் மழை வரும் என்று காலையிலேயே அறிவித்தார்கள். மணியைச் சற்று முன்னதாகவே ஒலிக்கச் செய்யும் புதிய பொதி அன்றைக்கே போக வேண்டும். தாங்களோ நானுஓயா நிலையத்தில் புகைவண்டியில் வந்த பலகைகளை எடுக்க நஸாரோடு போயிருந்தீர்கள். இரு வகைக்கும் இரண்டு பொதி கட்டினேன். முகப்பு வரியில் ஏதோ பொருந்தவில்லை என்று கட்டும் கருவி நின்று நின்று போனது. அலுத்துப்போய் இரண்டிலும் 'எல்லா இயந்திரத்துக்கும்' என்று எழுதினேன். கருவி வாயை மூடிக்கொண்டது. பெரட்டுக் கூப்பிட நேரமில்லை என்று, கொப்பியைப் பார்த்தே இன்னின்ன பெட்டிக்கு இன்னது என்று அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாகத் திரையில் நாற்பத்திரண்டும் 'சரி' என்று வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான் அறியாதது ஒன்றிருந்தது. முந்தின நாள் பெரட்டு முடிந்த பிறகு, செம்பாறைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி போதாமல், மேக்கணக்கு, கீழ்க்கணக்கு என்ற அதன் இரு பிரிவுகளின் பெட்டிகளையும் திறந்து ஒலிபெருக்கிகளை இரவல் எடுத்திருக்கிறார்கள். மழைமணியின் மூளை கெட்டுவிடக் கூடாதே என்ற அக்கறையில் உள்ளிருந்த பலகைகளைக் கழற்றி, மஞ்சள் துணியில் சுற்றி, சாமி அறையிலேயே வைத்திருக்கிறார்கள். அன்றிரவே திருவிழா முடிந்து மாட்டும்போது பலகைகள் இடம் மாறிவிட்டன. சிம் அட்டை பெட்டியோடே இருந்ததால் முகவரி மாறவில்லை. மேக்கணக்குப் பெட்டிக்குப் போனது புதிய பலகை. நான் அனுப்பிய பழைய வகையை அது எப்படியோ சமாளித்துக்கொண்டது. கீழ்க்கணக்கில் இருந்தது பழைய பலகை. அறுபத்து நான்கு பிட் என்று நான் உள்ளபடி எழுதியிருந்தால், இது என் வகையில்லை என்று அது பொதியை மறுத்துவிட்டுப் பழைய மென்பொருளையே ஓட்டியிருக்கும். எல்லோருக்கும் என்று நான் எழுதியதை நம்பி, ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஓட முடியாததை மாட்டிக்கொண்டு ஊமையாகிவிட்டது.

இரண்டு மணிக்குத் தாங்கள் நனைந்த குடையோடு உள்ளே வந்தீர்கள். குடையை மடக்குமுன் கேட்ட கேள்வி, "பெரட்டுக் கூப்பிட்டீங்களா, ரிஃப்னா?" இல்லை என்றேன். திட்டவில்லை. கொப்பியை எடுத்தீர்கள். நாற்பத்தொரு பெட்டிகள் பதில் சொல்லின. செம்பாறை கீழ்க்கணக்கு என்று தாங்கள் மூன்று தடவை கூப்பிட்டும் நிலக்ஷியால் எதையும் வாசிக்க முடியவில்லை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பெட்டிக்குப் பொறுப்பு, லயத்திலேயே குடியிருக்கும் கொழுந்தெடுக்கும் வீரம்மா அக்கா. அன்று காய்ச்சலில் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். தாங்கள் தொலைபேசியில் அழைத்தபோது, காலையிலிருந்தே பெட்டியில் விளக்கு எரியவில்லை, கரண்ட் போயிருக்கும் என்று இருந்துவிட்டேன் என்றார். அப்போது தாங்கள் சொன்னதை எங்களில் ஒருவரும் மறக்க மாட்டோம்.

"அம்மா, பெட்டி செத்துப் போச்சு. எங்க பெசகு. அத நம்பி இருக்காதீங்க. கோயில் மணிய அடிச்சு எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. யாரும் சாமான் எடுக்க நிக்க வேணாம்."

காய்ச்சலோடு நனைந்துகொண்டே ஓடி அவர் மணியடித்தார். பதினேழு குடும்பமும் பள்ளிக்கூடத்துக்கு ஏறியது. நாலு மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்த சரிவு இறங்கி, லயத்தின் கடைசி ஆறு வீடுகளை மூடியது. அந்த ஆறில் ஒன்று வீரம்மா அக்காவின் வீடு. வீடுகளில் ஒருவரும் இல்லை. அந்தச் செய்தி வந்தபோது நான் மேசைக்கடியில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் இங்கே சொல்கிறேன்.

அறிக்கை எழுதும் நேரம் வந்தது. தொழில்நுட்பக் கோளாறு என்று எழுதி முடித்துவிடலாம் என்று வெளியில் சிலர் யோசனை சொன்னார்கள். தாங்கள் ஒப்பவில்லை. "உங்க பேரப் போட்டு எழுதுங்க. சரிபாக்காம போனது நானு, எம்பேரையும் கீழ எழுதுங்க" என்றீர்கள். அந்த வாரமே என்னைச் செம்பாறைக்கு அழைத்துப் போய், மண்ணுக்குள் வீட்டைப் பறிகொடுத்து உறவினர் வீட்டில் ஒண்டியிருந்த வீரம்மா அக்காவின் முன்னே நிறுத்தினீர்கள். நடந்ததை நானே சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "இனிமே அந்தப் பொட்டிக்கிட்ட கேட்டுட்டு அனுப்புவியா, புள்ள?" என்றார். கேட்பேன் என்றேன். வேறு எந்தத் தண்டனையும் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் இதைவிட இலேசாக இருந்திருக்கும்.

குற்றம் கண்டும் குரல் உயர்த்தாத குணக்குன்றே! குனிந்த தலையை நிமிர்த்தி, நிமிர்ந்த பின்னும் கணக்குக் கேட்ட நேர்மையாளரே! இப்போது தங்கள் நாற்காலிக்கு என் பேரையே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். முடியாது என்று மூன்று நாள் தங்கள் பின்னாலேயே நடந்தேன். நிலக்ஷிக்குக் கொடுங்கள், மதுரனுக்குக் கொடுங்கள், என்னை விட்டுவிடுங்கள் என்றேன். நஸாரைக்கூடச் சிபாரிசு செய்தேன். "நீங்க இனிமே கேக்காம அனுப்ப மாட்டீங்க. அது போதும்" என்று சொல்லிவிட்டுப் பிளேண்டி குடிக்கப் போய்விட்டீர்கள். ஆகவே நாளைக் காலை எட்டு மணிக்குக் கொப்பி என் கையில் இருக்கும்.

தாங்கள் நெடுநாள் நலத்தோடு வாழ வேண்டும். முழங்கால் வலி தீர வேண்டும். மழை பெய்யும் பின்னேரங்களில் கவலையின்றிக் கம்பளி போர்த்து அமர்ந்து, சீனி அளவான பிளேண்டி பருக வேண்டும். எட்டு மணிக்குத் தொலைபேசியில் அழைத்துப் பெரட்டு முடிந்ததா என்று கேட்கக் கூடாது என்றும் வேண்டுகிறோம். கேட்பீர்கள் என்றும் தெரியும்.

இறுதியாக ஒன்று. இத்தகைய மடலின் அடியில் 'ஊழியர்கள் அனைவரும்' என்று அச்சிடுவது வழக்கமாம். அச்சகத்தார் அப்படியே அடித்துக்கொண்டு வந்தார். நான் திருப்பி அனுப்பினேன். எல்லோருக்கும் என்று எழுதி ஒரு லயத்தையே மண்ணுக்குக் கொடுக்கப் பார்த்தவள், எல்லோரும் என்று எழுதி இன்னொரு தடவை ஒளிந்துகொள்ள மாட்டாள். தாங்கள் இதுவரை ஒருநாளும் எங்களைப் பெரட்டில் கூப்பிட்டதில்லை, பெட்டிகளைத்தான் கூப்பிட்டீர்கள். இன்று கூப்பிட்டதாகவே நினைத்து, ஒவ்வொருவரும் தத்தம் கையால் பதில் எழுதியிருக்கிறோம். கடைசிப் பதில் எங்கள் ஊழியருடையது அல்ல. இவ்விழாவுக்கென்று விடிகாலையின் முதலாவது பஸ்ஸிலேயே வந்து, பேனையை வாங்கித் தாமே எழுதினார்.

நிலக்ஷி, திரை: இருக்கேன்.
மதுரன், பலகை வேலை: இருக்கேன்.
நஸார், வாகனம்: இருக்கேன், சேர்.
ரிஃப்னா, பொதி: இருக்கேன். கேட்டுட்டுத்தான் அனுப்புவேன்.
வீரம்மா, செம்பாறை கீழ்க்கணக்கு, பதினேழு குடும்பம்: இருக்கோம்.