புட்டிக்குள் சில துளி ஈரம்

எங்கள் வேதியியல் துறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவரையும் பிடிக்க முடியாது. உணவுக்கூடத்தில் உருளைக்கிழங்கு அடையும் ஆப்பிள் கூழும் போடும் நாள் என்றால் கேட்கவே வேண்டாம், பேராசிரியர்களே வரிசையில் இடித்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கு எண்ணெய்ப் பண்டம் ஒத்துக்கொள்ளாது. என் அறையிலேயே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்திருப்பேன். அதனால் அந்த நேரத்தில் மாடி முழுக்க என்னுடையது. எல்லா ஆய்வகங்களின் சாவியும், அலமாரிகளின் சாவியும் என்னிடம் உண்டு.

என்ன நடந்தது என்பதைக் கிடங்கு பார்க்கும் லோத்தார் உங்களிடம் பாதி சொல்லியிருப்பார். அவர் நல்ல மனிதர், பொய் சொல்லமாட்டார். நீங்கள் என்னிடம் கேட்பது ஏன் என்றுதான். சொல்கிறேன், இன்ஸ்பெக்டர். ஒளிக்க ஒன்றுமில்லை.

யூட்டா ரேபைன் வட கடலோரத்துப் பெண். அப்பா படகுத்துறையில் வேலை பார்த்தவர், அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். என்னிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த குளிர்காலத்தில் அவளிடம் ஒரு நல்ல மேலங்கிகூட இல்லை. என்னுடைய பழைய கம்பளி அங்கியைக் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, "மேடம், இதுக்குள்ள இன்னொரு ஆளும் வாடகைக்கு இருக்கலாம் போலிருக்கே" என்றாள். நான் சிரித்தேன். என் வீட்டிலோ அலுவலகத்திலோ நான் அப்படிச் சத்தமாகச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

ஆய்வுக்கு வழிகாட்டும் பெண்ணை முனைவர்த் தாய் என்று அழைக்கும் வழக்கத்தை எங்களிடம் யார் தொடங்கினார்களோ தெரியாது. மற்றவர்கள் அதை வெறும் பட்டப்பெயராக எடுத்துக்கொண்டார்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆற்றங்கரையில் எனக்கு மாடி வீடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வருவாள். பிளம் பழ கேக் செய்வேன். அவள் மாவைப் பிசைந்துகொண்டே அப்பாவின் படகுக் கதைகளைச் சொல்வாள். நான் அவளைக் கண்ணு என்று கூப்பிட ஆரம்பித்தது அந்தச் சமையலறையில்தான். அவளும் அதைக் கேட்டுத் திரும்புவாள்.

அவளுடைய ஆய்வு எளிமையானதாகத்தான் தொடங்கியது. பென்சீன் வளையத்தில் ஒரு கார்பன் தொகுதியைப் பொருத்த வேண்டும். பிறகு அதையே வளைத்து இன்னொரு வளையமாக மூட வேண்டும். முதல் படியை நூறு ஆண்டுகளுக்கு முன்பே பாரிஸில் செய்துகாட்டிவிட்டார்கள். அலுமினியம் குளோரைடு என்ற தூள் போதும். வகுப்பில் நான் இதை இப்படிச் சொல்வது வழக்கம்: சாதாரண கார்பன் சங்கிலியைக் கொடுத்தால் வளையத்துக்கு ஆசை கூடிவிடும், இன்னொன்று, இன்னொன்று என்று கேட்கும். ஆக்சிஜன் ஒட்டிய அசைல் தொகுதியைக் கொடுத்தால் ஒன்றோடு போதும் என்று அடங்கிவிடும். யூட்டா பின் வரிசையிலிருந்து, "அப்போ ரெண்டாவதுதான் நல்ல குடும்பத்துப் பொண்ணு மேடம்" என்றாள். வகுப்பே சிரித்தது.

அந்தத் தூளுக்கு ஒரே ஒரு விரோதி உண்டு, ஈரம். காற்றிலிருக்கும் ஈரம் பட்டாலே புகையும். கொஞ்ச நேரம் திறந்து கிடந்தால் செத்துவிடும். பார்வைக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியாது. ஆனால் எந்த வளையத்திலும் எதையும் ஒட்ட வைக்காது.

ஐவிந்த் வந்தது இரண்டாம் ஆண்டில். நார்வேக்காரன், பாறைகளைப் பற்றிப் படிக்க வந்தவன். எனக்கு அவன்மேல் எந்தக் குறையும் இல்லை, மரியாதையான பையன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனையும் கேக் சாப்பிடக் கூட்டிவந்தாள். அன்றைக்குத்தான் சொன்னாள்.

"மேடம், இந்த முதல் படி மட்டும் ஒழுங்கா வந்துட்டா மீதியெல்லாம் மளமளன்னு முடிஞ்சிடும். பட்டம் கைக்கு வந்ததும் இவரோட ஊரு பெர்கனுக்குப் போயிடலாம்னு இருக்கோம்."

"பெர்கன்லயா? அங்க வருஷம் முழுக்க மழைதானே கண்ணு."

"அதுக்குத்தான் உங்க அங்கி இருக்கே."

அவர்கள் போன பிறகு தட்டுகளைக் கழுவினேன். அழவில்லை. மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது ஏதோ எடுக்க அவளுடைய ஆய்வகத்துக்குள் போனேன். தூள் புட்டி மேஜைமேல் இருந்தது. மூடியைக் கழற்றினேன். மெல்லிய வெள்ளைப் புகை எழுந்தது. மூடியைப் பக்கத்தில் வைத்துவிட்டு என் அறைக்குத் திரும்பி ரொட்டியைச் சாப்பிட்டேன். அவர்கள் வருவதற்குள் போய் மூடிவிட்டேன். இன்னும் ஒரே ஒரு குளிர்காலம் அவள் இருந்தால் போதும் என்று நினைத்தேன். அது பெரிய ஆசை இல்லை.

குளிர்காலம் போனது. இன்னொன்றும் வந்து போனது.

புதுப் புட்டி வரும்போதெல்லாம் ஏதாவதொரு மதியம் அதையும் திறந்து வைத்துவிட்டு வருவேன். ஒவ்வொரு முறையும் அவள் புட்டியை மாற்றுவாள், கண்ணாடிக் கலங்களை மறுபடி காயவைப்பாள், சூட்டைக் கூட்டிப் பார்ப்பாள். கடைசியில் பழுப்பாகக் குழம்பு மாதிரி ஏதோ மிஞ்சும். லோத்தார் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார்.

"என்னம்மா, இன்னிக்கும் தார்தானா? ஸ்டேஷன் ரோடு குண்டும் குழியுமா கெடக்கு, நகராட்சியில கேட்டுட்டிருக்காங்க. பேசாம அங்க வேலைக்குச் சேந்துடு."

முதலில் அவளும் பதிலுக்குப் பதில் கொடுத்தாள். பிறகு சிரிப்பதோடு நிறுத்திக்கொண்டாள். பிறகு அதுவும் இல்லை. ஒருநாள் என் அறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டே, "முதல் வருஷப் பிள்ளைங்க செய்யற வேலை மேடம். எனக்கு வரல. கையிலதான் கோளாறு. நான் இதுக்கு லாயக்கில்ல" என்றாள். அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டேன். தேநீர் போட்டுக்கொடுத்தேன். நான் இருக்கிறேன், பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் யாரும் என் தோளில் சாய்ந்ததில்லை. அதை உங்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை.

ஐவிந்த் படிப்பை முடித்துவிட்டுத் தன் ஊருக்குத் திரும்பினான். அவன் காத்திருப்பான் என்று அவள் நம்பினாள். காத்திருந்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதற்கிடையில் யூட்டாவுக்குக் காற்றின்மேல் சந்தேகம் வந்தது. புது புட்டியைத் தன் அலமாரியில் பூட்டி, ஒவ்வொரு முறையும் அடைப்பானைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்ற ஆரம்பித்தாள். இனிமேல் திறந்து வைத்தால் போதாது. அதனால் ஒரு மதியம் மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு, உள்ளே சில துளித் தண்ணீர் விட்டு, அடைப்பானை அழுத்தி மூடி, மெழுகை முன்பு போலவே ஊற்றினேன். லோத்தார் என்னைச் சாவியோடு பார்த்தது அன்றாகத்தான் இருக்கும். "சாப்பிடலியா மேடம்?" என்று கேட்டார். பசியில்லை என்றேன்.

தண்ணீர் பட்டால் வாயு கிளம்பும், இறுக மூடிய புட்டியில் அழுத்தம் சேரும் என்பது எனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். முதலாண்டு மாணவர்களுக்கு அந்தப் பாடத்தை நடத்துவதே நான்தான்.

ஆனால் அவள் அந்தப் புட்டியைத் தொடவில்லை. மறுநாள் லோத்தார் கிடங்கிலிருந்து சீல் உடைக்காத புட்டி ஒன்றைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்திருக்கிறார். "இந்தா, இதையும் தாராக்கினா அப்புறம் நெசமாவே உன்னை ரோடு போட அனுப்பிடுவேன்" என்று சொன்னாராம். அவள் அங்கேயே, அப்போதே உடைத்துச் செய்துபார்த்தாள். குடுவை செம்மஞ்சளாக மாறியது. பனிக்கட்டியில் ஊற்றிக் கழுவிக் காயவைத்தபோது வெள்ளை வெளேரென்று படிகங்கள்.

கண்ணாடித் தட்டை ஏந்திக்கொண்டு என் அறைக்குள் ஓடிவந்தாள். "மேடம், வந்துடுச்சு! என் கையிலதான் வந்துச்சு, பாருங்க!" என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நான் அழுதேன். என்னைவிட அவளுக்காகச் சந்தோஷப்படுகிறவர் உலகத்தில் இல்லை என்று அன்று மாலை எல்லோரிடமும் சொன்னாளாம்.

மீதி வேலை அவள் சொன்னது போலவே மளமளவென்று முடிந்தது. அந்த மெழுகிட்ட புட்டி அலமாரியின் உள்மூலையிலேயே கிடந்தது. நான் எடுத்திருக்கலாம். மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். மறக்கவில்லை. ஏதாவதொரு பரிசோதனையைத் திரும்பச் செய்யவேண்டி வரலாம், அப்போது அதை எடுப்பாள், கொஞ்ச நாள் தள்ளிப்போகும் என்று ஒரு நினைப்பு இருந்தது.

அவள் ஆய்வகத்தில் தன் இடத்தைக் காலி செய்த காலையில் நான் வாசலில் நின்றிருந்தேன். சன்னலெல்லாம் திறந்து கிடந்தது. வெயில் நன்றாக இருந்தது. பரிசோதனை எதுவும் செய்யவில்லை என்பதால் அவள் பாதுகாப்புக் கண்ணாடி போடவில்லை. கண்ணாடி இல்லாமல் யார் உள்ளே வந்தாலும் நான் கத்துவேன் என்பது துறை முழுவதற்கும் தெரியும். யூட்டாவையே அதற்காக எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். புட்டியைக் கையில் எடுத்து மெழுகைச் சுரண்டினாள். "இது ஒண்ணு மீதி இருக்கு மேடம், கொட்டி அழிச்சுட்டுப் போயிடறேன்" என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பாள். என்ன பதில் சொல்லலாம் என்று நினைத்துப் பார்த்தேன். பொருத்தமாக எதுவும் கிடைக்கவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். தண்ணீர்க் குழாயடிக்கு அவளை இழுத்துப்போனது நான்தான். ஆம்புலன்ஸ் வரும்வரை தலையைத் தாங்கிப் பிடித்திருந்ததும் நான்தான். இரண்டு கண்களும் போய்விட்டன என்று மருத்துவர் என்னிடம்தான் முதலில் சொன்னார். அவளுக்கு அப்பாவும் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். உறவு என்று கையெழுத்துப் போட வேறு யாரும் இல்லை.

ஐவிந்த் வந்தான். மருத்துவமனை நடையில் என் முன்னால் நின்று குழந்தைபோல் அழுதான். அவள் உன்னைப் பார்க்க விரும்பவில்லை, இரக்கத்தில் கட்டிக்கொள்வதை அவள் தாங்கமாட்டாள் என்றேன். அவளிடம், வந்தான், வாசலோடு திரும்பிவிட்டான் என்றேன். அதன் பிறகும் என் வீட்டுக்குப் பல முறை தொலைபேசியில் அழைத்தான். தூங்குகிறாள் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். பாவம், ஒரு கட்டத்தில் நிறுத்திக்கொண்டான்.

யூட்டாவை என் வீட்டுக்கு அழைத்துவந்தேன். கீழ் அறையைக் கொடுத்தேன். வேலையிலிருந்து விலகிக்கொண்டேன். நானே ஊட்டினேன், நானே தலை வாரிவிட்டேன், தினமும் செய்தித்தாள் படித்துக் காட்டினேன். அவள் எல்லாவற்றுக்கும் நன்றி சொன்னாள். ஒரே ஒருமுறைதான் குரலை உயர்த்தினாள். "என்னைக் கண்ணுன்னு கூப்பிடாதீங்க மேடம்" என்றாள். நியாயம்தான். அன்றிலிருந்து பெயர் சொல்லியே கூப்பிட்டேன்.

ஒரு காலையில் சூப் குடித்துக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மேடம், அன்னிக்கு நீங்க எங்க நின்னுட்டிருந்தீங்க?"

"வாசல்ல."

"ஆமா," என்றாள். "வாசல்லதான்."

மறுபடி கரண்டியைத் தேடி எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த வாரமே வெள்ளைக்கோல் பிடித்து நடக்கக் கற்றுக்கொடுக்கச் சொன்னாள். எனக்கு மிகுந்த சந்தோஷம். வீட்டிலிருந்து பேக்கரி வரை, பேக்கரியிலிருந்து டிராம் நிறுத்தம் வரை, ஒவ்வொரு நாளும் கையைப் பிடித்துக்கொண்டு போனோம். எங்கே படி, எங்கே தண்டவாளம், மணிச்சத்தம் கேட்டால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். என் மாணவர்களிலேயே சீக்கிரம் பிடித்துக்கொள்கிறவள் அவள்தான்.

அவள் கடைசியாகப் பார்த்தது என்ன என்று சற்றுமுன் நீங்கள் சொன்னீர்கள். அதுவரை அது எனக்குத் தெரியாது. அடைப்பானைத் திருகுவதற்கு முன் அவள் என்னை நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். நான் ஓரடி பின்வாங்கி, கையைத் தூக்கி என் முகத்தை மறைத்துக்கொண்டேனாம். புட்டி வெடிப்பதற்கு முன்பே. அப்படிச் செய்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் யூட்டா பார்த்தது என்றால் சரியாகத்தான் இருக்கும். கவனிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

அப்படியானால் என் கையால் சாப்பிட்ட அத்தனை நாளும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் என் வீட்டிலேயே இருந்திருக்கிறாள். அதற்கு என்ன பொருள் என்று நீங்களே யோசித்துப்பாருங்கள். போக வழி தெரியும்வரை இருந்தாள் என்கிறீர்கள். நீங்கள் அவளோடு பழகியதில்லை.

ஆம், தண்ணீர் விட்டது நான். பார்த்துக்கொண்டு நின்றதும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நேற்று அவள் இங்கே யாருடைய துணையும் இல்லாமல் வந்தாள் என்று சொன்னீர்களே, டிராம் ஏறி, இறங்கி, அந்தப் பெரிய சாலையையும் தனியாகவே தாண்டி. நான் எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்று அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.