கொக்கு அத்தை ஊற்றிய மழை

கார்ட்டூன் ஓடும்போது பேசக்கூடாது என்பது எங்கள் வீட்டில் நான் போட்ட சட்டம். நீங்கள் போலீஸ்காரர், ராமதாஸ் தம்பி, சட்டத்தின் அருமை உங்களுக்குத் தெரியும். என் தம்பி ரேமண்ட் சின்ன வயதில் அதை ஒரு நாளும் மதித்ததில்லை. டோபோ ஆமை டிவியில் வந்தாலே, "அக்கா, அங்க பாரு, அங்க பாரு" என்று என் தோளைப் பிய்த்துவிடுவான். அம்மா வேலைக்குப் போய்விடுவார். அவனுக்குச் சோறு ஊட்டியதும் எழுத்துச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

பிறகு கல்யாணமாகி செபராங் ஜெயாவுக்குப் போய்விட்டான், கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம். அவன் மனைவி கிறிஸ்டல் நல்ல பெண். சமையல் வராது, வாய் கொஞ்சம் நீளம், மற்றபடி நல்ல பெண்தான்.

போன வருஷம் ரேமண்டுக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. கிறிஸ்டலுக்குப் புக்கிட் தெங்கா ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. "நீ வேலையப் பாரு லா. தம்பிய நான் பாத்துக்கறேன். நடக்க ஆரம்பிச்சதும் கூட்டிட்டுப் போ" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜார்ஜ்டவுனில் என் ஃபிளாட்டுக்கு லிஃப்ட் உண்டு, அவள் வீட்டில் மாடிப்படி. இதில் என்ன தப்பு இருக்கிறது?

அவனுக்குப் பொழுது போகவேண்டுமே. பழைய டோபோ பாகங்கள் எல்லாம் இப்போது இணையத்தில் கிடக்கின்றன. எடுத்துப் போட்டு, ரிமோட்டை அவனுடைய இடது கையில் கொடுத்தேன். முதல் பாகத்துக்கே சிரித்துவிட்டான். கோணல் சிரிப்புதான், ஆனாலும் என் பழைய ரேமண்ட் திரும்பி வந்துவிட்டான். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை, தம்பி.

கிறிஸ்டல் லீவு நாட்களில் வருவாள். அவள் போன பிறகு அவன் சாப்பிடாமல் கதவையே பார்த்துக்கொண்டிருப்பான். எனக்குப் பொறுக்கவில்லை. "உன்னப் பாத்தா அவனுக்கு பிரஷர் ஏறுதாம், கொஞ்ச நாள் வரவேணாம்னு டாக்டர் சொல்றாரு" என்றேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவனிடம், "கிறிஸ்டலுக்கு ரொம்ப வேலை போல லா" என்றேன். கண்ணுக்குக் கெடுதல் என்று அவன் ஃபோனை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பிசியோவுக்கு வந்தவனையும் நிறுத்தினேன். காலை இழுத்து இழுத்துப் பிள்ளையை வதைத்துக்கொண்டிருந்தான்.

அப்படியும் ரேமண்ட் தானாகவே எழுந்து, சுவரைப் பிடித்துக் கதவுவரை போய்விட்டான். விழுந்தால் யார் தூக்குவது? அன்றிலிருந்து அவனுடைய காலைக் கஞ்சியில் என் தூக்க மாத்திரையைப் பொடித்துக் கலந்தேன். முழுசு இல்லை, பாதிதான். கசக்கக்கூடாதே என்று சர்க்கரை கொஞ்சம் கூடப் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் அவன் ஒரே பாகத்தைத் திரும்பத் திரும்பப் போட ஆரம்பித்தான். மழைக்கு ஒதுங்கிய டோபோவைக் கொக்கு அத்தை தன் வீட்டில் தங்கவைப்பாள். மழை விட்டுவிடும். டோபோ போய்விடுமே என்று அவள் கூரையில் ஏறி, பூவாளியால் ஜன்னல்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பாள். இன்னும் மழை விடவில்லை என்று டோபோ உள்ளே உட்கார்ந்திருக்கும். அந்தக் காலத்தில் நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்த பாகம் அது. இப்போது கண் சொருகச் சொருக, பூவாளி வரும் இடத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பான். எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்த அத்தையைப் பற்றி ஒருவரும் நல்லதாகப் பேசுவதில்லை. டோபோவுக்கு மூன்று வேளையும் ஆக்கிப்போட்டது யாராம்?

மாத முதல் வெள்ளிக்கிழமை எங்கள் மாதா கோவிலிலிருந்து ரீத்தா அக்கா நோயாளிகளுக்கு வீட்டுக்கே நன்மை கொண்டுவருவார். நீங்கள் வேதக்காரர் இல்லை, அதனால் சொல்கிறேன்: நன்மை என்றால் நற்கருணை அப்பம். அதை வெறும் வயிற்றில்தான் வாங்கவேண்டும் என்பது அம்மா பழக்கிய பழக்கம். நோயாளிக்கு விலக்கு உண்டு என்று ரீத்தா அக்காவே சொன்னார், எனக்கு மனசு ஒப்பவில்லை. அதனால் அன்று காலை மட்டும் ரேமண்டுக்குக் கஞ்சி கிடையாது.

போன முதல் வெள்ளியன்று ரீத்தா அக்கா அப்பத்தை நீட்டினார். ஒரு மாதமும் மறுக்காதவன், வாயை இறுக மூடிக்கொண்டான்.

"என்னப்பா ரேமண்ட், நன்மை வேணாமா?" ரீத்தா அக்கா பதறிப்போனார்.

அவன் ரிமோட்டை எடுத்தான். பூவாளி வந்ததும் நிறுத்தினான். விரலால் என்னைக் காட்டினான், பிறகு கதவைக் காட்டினான். ரீத்தா அக்காவுக்கு விளங்கவில்லை என்று மறுபடியும் ஓட்டிக் காட்டினான். அவர் அப்பத்தைச் சிமிழுக்குள் வைத்து மூடினார்.

"ஷேரன், கிறிஸ்டல் எங்கம்மா? அவள ஏன் காணோம்?"

நான் டிவியை அணைத்தேன். அவரே அவளுக்கு ஃபோன் போட்டார்.

கிறிஸ்டல் ஃபேக்டரி யூனிஃபார்மோடு ஓடிவந்தாள். அவளைக் கண்டதும் அவன் எதையும் பிடிக்காமல் எழுந்து நின்றான். தாங்கப் போன என் கையைத் தட்டிவிட்டான். அதுதான் எனக்கு வலித்தது.

அன்றே அவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், உங்களிடம் புகாரும் கொடுத்துவிட்டாள். எழுதிக்கொள்ளுங்கள், தம்பி. பொய் சொன்னது நான், பிசியோவை நிறுத்தியது நான், கஞ்சியில் மாத்திரை கலந்தது நான். எதையும் மறுக்கவில்லை. இப்போது நன்றாக நடக்கிறானாம், ஒன்றிரண்டு வார்த்தை பேசுகிறானாம். முதல் வார்த்தை அக்கா என்றுதான் இருந்திருக்கும், கேட்டுச் சொல்லுங்கள். அவன் கட்டிலுக்கு விரிப்பு மாற்றி வைத்திருக்கிறேன். டோபோவின் கடைசிப் பாகத்தை இருவரும் இன்னும் பார்க்கவில்லை. அவன் இந்நேரம் வந்திருப்பான், பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னும் மழை விடவில்லை போலிருக்கிறது.