சுதி தப்பின பாட்டு

நிறுத்த முடியாதுங்க தம்பி. வாசல் வரைக்கும் வந்துட்டீங்க, உள்ள வந்து உக்காருங்க. ஆனா பாட்ட நிறுத்தச் சொல்றதா இருந்தா அந்தச் சேரு உங்களுக்கில்ல.

ஓனரம்மா பங்காரம்மாகிட்டப் போயிச் சொன்னது நீங்கதானுங்களே? அந்தம்மா நேத்து வந்து, ஒண்ணு வெடியால பாடறத நிறுத்துங்க, இல்லீன்னா ஊட்டக் காலி பண்ணுங்க, பக்கத்தூட்டு மனோஜ்குமாரு சரின்னு சொன்னாத்தான் இருக்கலாம்னு சொல்லிப்போட்டுப் போகுது. இந்த வயசுல எம்பட குடியிருப்பு உங்க தலையாட்டல்ல நிக்குது. நல்லாருக்குதுங்களா?

சத்தம் போடறனா? ஆமாங்க, போடறேன். நீங்க மெதுவாப் பேசுங்க. உள்ள ஆளு படுத்திருக்குது.

நைட் ஷிப்ட் முடிச்சு வந்து நீங்க படுக்கறதும் நான் ஆரம்பிக்கறதும் ஒண்ணா இருக்குது, தெரியும். லைன் ஊடு, ரெண்டு பேருக்கும் ஒரே சொவரு. நீங்க பொரண்டு படுக்கறதே எனக்குக் கேக்குது. ஆனா இந்தக் காம்பவுண்டுக்குள்ள சிறுத்தை வராம இருக்கறது எம்பட தொண்டையாலதான்னு உங்களுக்குத் தெரியுமா? சிரிக்காதீங்க. போன மாசியில பாலமலையில இருந்து எறங்கி வந்து, உங்க பைக்கு சீட்டு மேல சம்மணம் போட்டு உக்காந்திருந்துச்சு. நான் ரெண்டாவது சரணம் எடுத்தேன் பாருங்க, முன்னங்கால் ரெண்டுலயும் காதப் பொத்திக்கிட்டு, பின்னங்கால்லயே மலையேறிப்போச்சு. பாரஸ்ட்காரங்க சால்வை போத்தறேன்னாங்க. நாந்தான் வேண்டாம்னுட்டேன்.

நம்பலீங்களா? எம்பட ஊட்டுக்காரியும் நம்பமாட்டா. அன்புச்செல்வின்னு பேரு. எங்கிட்டப் பேசறப்ப மட்டும் அந்த அன்பு எங்கதான் போகுமோ, புளுகு மூட்டைம்பா. சர்ச்சுல கொயர் பாடறப்ப மொத வரிசையில நிப்பா. பிரசங்கம் ஆரம்பிச்சா நான் எதுத்தாப்புல டீக்கடையில நிப்பேன்.

என்னங்க? பாடறதுதான் பாடறீங்க, சுதியோட பாடினா என்னவா? கோவத்தக் கெளப்பாதீங்க தம்பி. எனக்கு உங்க மேல மட்டுமில்ல கோவம்.

போன வருசம் அன்புச்செல்வி பக்கவாதம் வந்து விழுந்துட்டா. சர்ச்சுக்காரங்க ஆசுபத்திரிக்கு ஆரஞ்சுப்பழத்தோட வந்து, கட்டிலச் சுத்தி நின்னுட்டு, எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்க அண்ணாங்கறாங்க. எதுக்குங்க? பாதி ஒடம்பு வெளங்காமப் போனதுக்கா? நீங்க சொல்லீட்டு இருங்க பாஸ்டரு, நான் டீ குடிச்சுப்போட்டு வாரேன்னு சொல்லி வெளிய வந்துட்டேன்.

பேச்சும் போச்சுங்க. தண்ணி வேணும்னு கேக்க வராது. என்னையத் திட்ட வராது. ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்தா, மேல கூரை ஓட்டப் பாத்துட்டே கெடக்கறா. நான் யானையப் பத்திப் புளுகறேன், புலியப் பத்திப் புளுகறேன், போதும் நிறுத்துங்கன்னு சொல்ல ஆளில்ல. ஏனுங்கன்னு கூப்புடற கொரலே இல்லாத ஊட்டுல நீங்க இருந்திருக்கீங்களா? உங்களுக்கு இன்னும் கலியாணமே ஆகல.

ஒருநா வெடியால எந்திரிச்சு ஆண்டவரோட சண்டைக்குப் போனேன். உனக்குப் பாடின வாயையாய்யா அடைச்சே? எம்பட நாக்கப் புடுங்கியிருந்தா இந்தப் பெரியநாயக்கன்பாளையமே உனக்கு ஸ்தோத்திரம் சொல்லியிருக்குமே! சரி, இனி அவளுக்குப் பதிலா என்னையக் கேளுன்னு, அவ பாமாலைப் புஸ்தகத்தத் தொறந்து வாய்க்கு வந்த ராகத்துல கத்துனேன். வேணும்னேதான். அவரு காது கிழியட்டும்னு.

ரெண்டாவது அடியில கட்டில்ல இருந்து சத்தமுங்க. திரும்பிப் பாக்கறேன், மொகத்தச் சுளிச்சுக்கிட்டு, கோணின வாயில, அதே அடியச் சரியான ராகத்துல பாடறா. வார்த்தையோட! பாட்டக் கெடுக்கறானே பாவின்னு அவளுக்குப் பொறுக்கல.

பேச்சு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் மூளையில இருக்குதாமா, டாக்டரம்மா சொல்லுச்சு. இருந்துட்டுப் போகட்டும். அந்த ஒரு பக்கத்த விட்டு வெச்சது யாருங்க? அன்னைக்குத்தான் நான் ஸ்தோத்திரம் சொன்னேன். முழங்காலெல்லாம் போடல. கோவமா நின்னுட்டுத்தான் சொன்னேன். இன்னுஞ் சித்தெ பேச்சையுஞ் சேத்துக் குடுத்தா உனக்கென்ன கொறைஞ்சு போகும்னும் கேட்டேன். இப்பவும் தெனம் கேக்கறேன். பதில் சொல்றாரோ இல்லையோ, கேக்க ஒரு ஆளு இருக்கறாருல்ல.

இருங்க, எந்திரிக்காதீங்க. இன்னொண்ணையும் கேட்டுட்டுப் போங்க. அவ திருத்தித் திருத்தி எனக்கு இப்ப நல்லாவே பாட வருதுங்க. போன வாரம் ஒருநா மனசு எளகி, ஒரு பாட்ட முழுசா சுதி பிசகாமப் பாடுனேன். அன்னைக்கு நீங்ககூட நல்லாத் தூங்கியிருப்பீங்க.

அவ கண்ண மூடிக் கேட்டுட்டே படுத்திருந்தா. வாயே தொறக்கல.

அதான் மக்காநாள் வெடிஞ்சதுல இருந்து மறுபடியும் தப்பாப் பாடறேன்.

இதுவும் சிறுத்தைக் கதைன்னு நெனைச்சா, நாளைக்கு வெடியால சொவத்துல காத வெச்சுப் பாருங்க தம்பி. எம்பட கத்தலுக்கு அடியில மெல்லிசா இன்னொரு கொரல் வரும். அதக் கேட்டுப்போட்டு ஓனரம்மாகிட்டப் போயிச் சொல்லுங்க, யாரை நிறுத்தச் சொல்றதுன்னு.